போடிக்கு மேலே சில தீவுகள்

'எங்க வீட்டுச் செம்பருத்திக்குத் தினமும் காலையில ஹம்மிங்பேர்ட் வருது சார்!'

சென்னையோ மதுரையோ, எந்த ஊருக்குப் போனாலும் இப்படிச் சொல்வதற்கு ஒருத்தர் இருப்பார். அவர் காட்டும் போட்டோவில் குட்டியாக, வளைந்த அலகோடு, ஊதாவும் மஞ்சளுமாக ஒரு பறவை இருக்கும். அழகுதான். ஆனால் அது ஹம்மிங்பேர்ட் இல்லை. நம்ம ஊர்த் தேன்சிட்டு.

ஹம்மிங்பேர்டுகளில் 350-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும். வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே தென் அமெரிக்காவின் கடைக்கோடி வரை. நம் இந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது. எனவே, செம்பருத்திக்காரர் மன்னிக்கவும்.

அந்த 350 வகையில் ஒன்றே ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காரணம் இருக்கிறது. நேரே போடிநாயக்கனூரில் கொண்டுபோய் விடும்.

சிலி நாட்டுக் கடற்கரையிலிருந்து சுமார் 670 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் சமுத்திரத்தில் ஒரு குட்டித் தீவு. 1704-ல் அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற மாலுமி, கேப்டனோடு சண்டை போட்டுக்கொண்டு அங்கே இறங்கி, நாலு வருஷத்துக்கு மேல் தன்னந்தனியாகக் கிடந்தான். 1719-ல் வந்த 'ராபின்ஸன் குரூஸோ' நாவலுக்கு அவன் கதையும் ஒரு விதை. பிற்பாடு 1966-ல் சிலி அரசாங்கம் தீவுக்கே ராபின்ஸன் குரூஸோ என்று பெயர் வைத்துவிட்டது.

அந்தத் தீவில் மட்டும் ஒரு ஹம்மிங்பேர்ட் இருக்கிறது. ஆண், உடம்பெல்லாம் செங்கல் பொடியைக் குழைத்துப் பூசியது மாதிரி ஆரஞ்சுச் சிவப்பு. வெயில் பட்டால் உச்சந்தலை நெருப்புத் துண்டு போல மின்னும். பெண்ணுக்கு அந்த நிறத்தில் துளிகூடக் கிடையாது. நீலத் தலை, பச்சை முதுகு, வெள்ளை வயிற்றில் பச்சைப் புள்ளிகள். ஆணின் எடை சுமார் 11 கிராம். பெண் சுமார் 7 கிராம், அதாவது ஒரு பவுனுக்கும் குறைவு. இரண்டுக்கும் உருவத்தில் இவ்வளவு வித்தியாசம் இருந்ததால், முதலில் பெயர் வைத்தவர்கள் இரண்டும் வேறு வேறு இனம் என்றே எழுதி வைத்தார்கள். புருஷன் பெண்டாட்டி என்று பிறகுதான் தெரிந்தது.

உலகத்தில் அந்தப் பறவைக்கு இருக்கும் ஒரே வீடு அந்தத் தீவின் காடு. அந்தக் காட்டை மனிதன் கொண்டுவந்த ஆடும் முயலும் மேய்ந்தன. பூனையும் எலியும் கூட்டில் கைவைத்தன. வெளியிலிருந்து வந்த முள்செடி மிச்சக் காட்டின் மேல் படர்ந்தது. இன்றைக்கு அந்தப் பறவை அழிவின் விளிம்பில். பறந்து வேறு இடம் போகலாமே என்றால்... எங்கே போக? சுற்றிலும் கடல்.

சரி, இதற்கும் போடிக்கும் என்ன சம்பந்தம்?

*

தீவு என்றால் என்ன? ஆறாம் வகுப்புப் பதில்: நாலு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பரப்பு. பறவையைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லும். 'நான் வாழக்கூடிய இடம் இது. இதைச் சுற்றி நான் வாழ முடியாத இடம். நடுவில் மாட்டிக்கொண்டேன்.' அந்த வாழ முடியாத இடம் கடலாக இருக்கலாம். வெறும் வெப்பக் காற்றாகவும் இருக்கலாம்.

போடி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு மேற்கே பாருங்கள். ஊர் சுமார் 1,200 அடி உயரம். எதிரே சுவர் எழுப்பியது மாதிரி மலை. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏறத்தாழ 4,500 அடி. அந்தப் பக்கம் ஏலமலை, கேரளத்தின் இடுக்கி மாவட்டம். தினமும் விடியும் முன்னே போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து ஜீப் ஜீப்பாக ஜனம் மலையேறிப் போவது அந்த ஏலத்தோட்டங்களுக்குத்தான். இன்னும் வடக்கே குரங்கணி வழியாக ஏறினால் டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை. அதற்கும் மேலே 2,640 மீட்டரில், அதாவது 8,600 அடிக்கு மேல், மீசைப்புலிமலை.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக ஆறு டிகிரி குளிரும். போடியில் 36 டிகிரி கொளுத்தும் நாளில் மீசைப்புலிமலை உச்சியில் கணக்குப்படி 22-தான் இருக்க வேண்டும். ஒரே நாள், நடுவில் 14 டிகிரி!

மலையை மூன்று தட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டில் முள்காடும் மாந்தோப்பும் தென்னையும். நடுத்தட்டில், சுமார் 2,000 அடியிலிருந்து 4,500 அடி வரை, பெரிய மரங்களின் நிழலில் ஏலம். மேல்தட்டில் உலகமே வேறு. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. மடிப்புக்கு மடிப்பு, தண்ணீர் கசியும் பள்ளங்களில் மட்டும் கறுப்பாக, குட்டையாக, அடர்த்தியாக ஒரு காடு. கிளையெல்லாம் பாசி, தரையெல்லாம் ஈரம். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே சாயங்காலம். அதற்கு நம் ஆட்கள் வைத்த பெயர் சோலை. வெள்ளைக்காரனும் வேறு பெயர் தேடாமல் 'ஷோலா' என்றே எழுதிக்கொண்டான்.

அந்தப் புல்வெளியைப் பார்த்து, 'பாவம், ஒருகாலத்தில் இங்கேயும் காடு இருந்திருக்கும், யாரோ வெட்டிட்டாங்க' என்று நினைக்கத் தோன்றும். நீலகிரியில் சேற்றுப் படிவங்களைத் தோண்டி ஆராய்ந்து, ராமன் சுகுமார் குழுவினர் 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20,000 வருஷங்களாகவே மலை மேல் புல்லும் காடும் மாறி மாறிக் கூடியும் குறைந்தும் வந்திருக்கின்றன என்பது அதன் சாரம். புல்வெளி மனிதனுக்கு முந்தைய சொத்து.

இந்த மேல்தட்டைத்தான் விஞ்ஞானிகள் வானத் தீவுகள் என்கிறார்கள். நீலகிரி ஒரு தீவு. ஆனைமலை, பழனிமலை, மூணாறு, மீசைப்புலிமலை எல்லாம் சேர்ந்தாற்போல் இன்னொன்று. தெற்கே மேகமலை. செங்கோட்டைக்கும் தெற்கே அகத்தியமலை. நடுவில் இருக்கும் கடல்... நாம் குடியிருக்கும் வெயில்!

*

தீவு இருந்தால் தீவுவாசி இருக்க வேண்டுமே? இருக்கிறார்கள். இரண்டு பேரை அறிமுகப்படுத்துகிறேன்.

முதலாமவர் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. கிளி என்றதும் சிவப்பு மூக்கும் பச்சை உடம்பும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். மலையாளத்தில் எந்தக் குருவியையும் கிளி என்று சொல்வார்கள். அந்தக் கிளி இது. சிட்டுக்குருவிக்குக் கொஞ்சம் மூத்த அளவு, சுமார் 15 சென்டிமீட்டர். முதுகும் மார்பும் மை கொட்டியது போலக் கருநீலம். வயிறு வெள்ளை. நெற்றியில் விபூதி கலைந்தது மாதிரி வெளிறிய நீலக் கீற்று. கால்கள் உடம்புக்கு நீளம். ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே மாதிரி.

அது இருக்கும் இடம் சோலையின் தரைத்தளம். இருட்டும் ஈரமும் உள்ள புதருக்கடியில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும். மரப்பொந்திலோ மண்சரிவிலோ கூடு. இரண்டு முட்டை. வெட்டவெளிக்கு வருவது அதற்குப் பிடிக்காது. காலில் வளையம் மாட்டி விட்ட பறவையை, அடுத்தடுத்த வருஷங்களில் அதே இடத்தில் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். பரம்பரை வீட்டை விட்டு நகராத பெரியவர்கள் இருப்பார்களே, அந்த ரகம்.

இரண்டாமவர் பழனிச் சிரிப்பான். மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. கருத்த தலை, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், சாம்பல் மார்பு, செம்பழுப்பு வயிறு. சோலைக்கிளி கூச்ச சுபாவி என்றால் இது கலாட்டாப் பேர்வழி. கும்பலாக வந்து, ஒன்று ஆரம்பிக்க மற்றது முடிக்க, மலையே அதிரச் சிரிக்கும். சோலை ஓரம், புதர், தோட்டம் என்று கொஞ்சம் அனுசரித்துப் போகும்.

இந்தச் சிரிப்பானுக்குத் தேன் என்றால் உயிர். பூச்சி, காட்டுப் பழம் எல்லாம் தின்றாலும், குறிஞ்சி பூத்தால் விடாது. மீசைப்புலிமலை, மூணாறு பக்கம் 2006-லும் 2018-லும் நீலக்குறிஞ்சி பூத்ததே, ஊரே கார் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்ததே... நமக்கு அது காட்சி, சிரிப்பான் குடும்பத்துக்குப் பந்தி. ஹம்மிங்பேர்ட் இல்லாத மலையில் பூவுக்குப் பூ தாவுகிற வேலையைத் தேன்சிட்டோடு சேர்ந்து இதுவும் பங்கு போட்டுக்கொள்கிறது.

*

இவர்களை உலகத்துக்குச் சொன்னவர் யார்? இங்கேதான் வருகிறார் ஒரு பாதிரியார்.

சாமுவேல் பேகன் ஃபேர்பேங்க். அமெரிக்கர். வேலை பார்த்தது மகாராஷ்டிரத்தின் அகமத்நகர்ப் பக்கம், மராத்தி மிஷனில். கோடை வந்தால் குளிர்ந்த இடம் தேடி மிஷன்காரர்கள் மலையேறுவார்கள். அவர்களுக்கு அது வெறும் உல்லாசம் இல்லை. சமவெளியின் காலராவும் காய்ச்சலும் அவர்களில் பலரைக் கொண்டுபோயிருந்தன. 1845-லேயே மதுரை மிஷன் அமெரிக்கர்கள் கோடைக்கானலில் வீடு கட்டிவிட்டார்கள். பெரியகுளம் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில், நடந்தும் டோலியிலுமாகத்தான் ஏற வேண்டும். மோட்டார் ரோடு எல்லாம் 20-ம் நூற்றாண்டு சமாசாரம்.

ஃபேர்பேங்குக்குப் பறவைப் பைத்தியம். 1860-களில் பழனிமலையில் சுற்றி, மாதிரிகள் சேகரித்தார். சேகரிப்பது என்றால் அந்தக் காலத்தில் ஒரே அர்த்தம்தான்: சுடுவது, தோலை உரிப்பது, பஞ்சடைப்பது. அப்படி அவர் சேர்த்தவை வில்லியம் பிளான்ஃபோர்ட் என்பவர் கைக்குப் போயின. பிளான்ஃபோர்ட், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் கல்லும் மண்ணும் ஆராய்ந்த உத்தியோகஸ்தர், பறவையிலும் கெட்டிக்காரர். இரண்டையும் பார்த்ததுமே புதுசு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

1868-ல் நீலப் பறவைக்குப் பெயர் வைத்தார். 'ஆல்பிவென்ட்ரிஸ்'. லத்தீனில் வெள்ளை வயிறு. 1869-ல் சிரிப்பானுக்குப் பெயர் வைத்தார். 'ஃபேர்பேங்கி'. கொடுத்தவர் பெயரையே வைத்துவிட்டார். அதற்கு முன்பே நீலகிரியில் இவற்றின் ஒன்றுவிட்ட சகோதரர்களை ஜெர்டன் என்ற சென்னை ராணுவ டாக்டர் விவரித்திருந்தார். நீலகிரிச் சோலைக்கிளிக்கு விலாவில் செம்பழுப்பு உண்டு. பழனிக்காரருக்கு அது கிடையாது.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

20-ம் நூற்றாண்டில் பறவை நூல்களில் ஒரு சிக்கனக் காற்று அடித்தது. 'இவ்வளவு இனம் எதற்கு? கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தால் ஒன்றாகச் சேர்' என்றார்கள். கம்பெனிகளை இணைப்பது மாதிரி. நீலகிரிக்காரரையும் பழனிக்காரரையும் ஒரே இனமாக்கி, பழனிக்காரரைக் கிளை அலுவலகம் போல உப இனம் ஆக்கினார்கள். பழனிச் சிரிப்பானுக்கும் அதே கதி. அதுவும் இன்னொரு சிரிப்பானின் உப இனமாயிற்று. 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுத்த சாலிம் அலியின் நூல்களிலும் இவை பிற்பாடு இப்படித்தான் இருந்தன.

உப இனம் ஆனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். ரொம்பக் குறையும். 'இந்த இனம் அழிகிறதா?' என்று கணக்குப் பார்க்கும்போது நீலகிரி, பழனி எல்லாத் தலையையும் ஒன்றாகக் கூட்டுவார்கள். மொத்தத்தில் பரவாயில்லை என்று வரும். ஒரு கிளை மூழ்கிக்கொண்டிருந்தாலும் தலைமை அலுவலகத்தின் பேலன்ஸ் ஷீட்டில் தெரியாது. பி.காம் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது.

2005-ல் பமேலா ராஸ்முசென், ஜான் ஆண்டர்டன் இருவரும் தெற்காசியப் பறவைகள் பற்றிய பெரிய நூலில் நீலகிரிக்காரரையும் பழனிக்காரரையும் தனித்தனி இனமாகப் பிரித்தார்கள். அப்போதும் குடும்பப் பெயர் விஷயத்தில் குழப்பம். பிளான்ஃபோர்ட் காலத்திலிருந்து இந்த நீலப் பறவையை ஒவ்வொருத்தர் ஒவ்வொரு பேரினத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ரேஷன் கார்டு இல்லாமல் வாடகை வீடு மாறுகிறவன் நிலைமை.

தீர்ப்பு 2017-ல் வந்தது. வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சி.கே. விஷ்ணுதாஸ், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட குழு. மலை மலையாக ஏறினார்கள். இந்த முறை துப்பாக்கி இல்லை. மெல்லிய வலை கட்டி, பறவையைப் பிடித்து, சில துளி ரத்தம் மட்டும் எடுத்து, காலில் வளையம் மாட்டிப் பறக்க விட்டார்கள். டி.என்.ஏ. என்ன சொன்னது? இவை எந்தப் பழைய வீட்டுக்கும் சொந்தம் இல்லை. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் மட்டுமே உருவாகி வளர்ந்த இரண்டு தனிப் பரம்பரைகள். உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

புதுப் பேரினம், எனவே புதுப் பெயர். சிரிப்பான்களுக்கு 'மாண்டிசிங்க்ளா'. அதில் மொத்தம் நாலு இனம்: வயநாட்டு பாணாசுரமலை, நீலகிரி, பழனி, தெற்கே அகஸ்தியமலை - ஆளுக்கொன்று. நீலப் பறவைகளுக்கு... 'ஷோலிகோலா'! 'கோலா' என்றால் லத்தீனில் வசிப்பவர். சோலையில் வசிப்பவர். குரங்கணியில் சுள்ளி பொறுக்கும் பாட்டி சொல்கிற சோலை, உலக உயிரியல் பதிவேட்டில் ஏறிவிட்டது. இந்த வீட்டில் மூன்று இனம்: நீலகிரிக்கு ஒன்று, நம் பழனி - ஆனைமலைப் பக்கம் ஒன்று, அகத்தியமலைக்கு ஒன்று. மூன்றாவது அந்தக் கட்டுரையில்தான் முதல்முறையாகத் தனி இனமானது.

*

ஒரே மலைத்தொடரில் ஏன் ஆளுக்கொரு இனம்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு பெரிய வாசல்கள் உண்டு. ஒன்று பாலக்காட்டுக் கணவாய், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். கோயமுத்தூருக்குக் குளுகுளு காற்றை அனுப்புவது இதுதான். இன்னொன்று செங்கோட்டைக் கணவாய். குற்றாலச் சாரல் இதன் தயவு. பஸ்ஸில் போகிற நமக்கு இவை வாசல். சோலைக்கிளிக்குச் சமுத்திரம். குளிர்ந்த யுகங்களில் சோலைகள் கீழே இறங்கிப் பரவின. சூடான யுகங்களில் உச்சிக்குச் சுருங்கின. அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவை அந்தப் பக்கமே. பல லட்சம் வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனால் அண்ணன் தம்பியே அந்நியர் ஆவார்கள். கலாபகஸ் தீவுகளில் டார்வின் குருவிகளுக்கு நடந்தது, நம் மலை உச்சியில் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது.

இது இயற்கை போட்ட பிரிவினை. அவசரமே படாமல் போட்டது. நாம் போட்டதுதான் அவசரம்.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். ஃபேர்பேங்கின் பறவைகளுக்குப் பெயர் வைத்துப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. பிறகு சின்கோனா, காபி, கடைசியில் தேயிலை. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி. 1908-ல் அதுவே சின்ன ரயில். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி வழியாகச் சமவெளி, பிறகு சீமை. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது, திரும்பக் கட்டவில்லை. 1928-ல் மதுரை ரயிலே போடிக்கு வந்துவிட்டது. ஏலம், காபி, தேயிலை என்று மலையின் சரக்குக்கு வாசல் போடிதான். ஏலக்காய் ஏலம் விடும் ஊராகப் போடி தலை நிமிர்ந்து நிற்பது அந்தச் சரித்திரத்தால். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு அடுப்பெரிந்தது.

ஏலம் ஒரு வகையில் கண்ணியமான பயிர். நிழல் வேண்டும் என்பதால் பெரிய மரத்தை விட்டு வைத்தார்கள். பிற்காலத்தில் நிழலைக் குறைத்து, உரமும் மருந்தும் கூட்டி விளைச்சலைப் பெருக்கும் முறை வந்து, அந்தக் கண்ணியமும் பல தோட்டங்களில் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் ஏலம் இருப்பது நடுத்தட்டில். மேல்தட்டை விழுங்கியவை வேறு.

புல்வெளியைப் பார்த்த அதிகாரிகளுக்கு அது சும்மா கிடக்கும் நிலமாகத் தோன்றியது. தோல் பதனிட வாட்டில் பட்டை, ரேயான் நூலுக்குக் கூழ் தர யூகலிப்டஸ், கூடவே பைன் என்று நட்டார்கள். 'மரம் வளர்ப்போம்' என்ற நல்ல எண்ணம்தான்! பழனிமலையில் 1973 முதல் 2014 வரையிலான சாட்டிலைட் படங்களை ஒப்பிட்டு எம். அரசுமணி, ராபின் உள்ளிட்டோர் 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அந்த 41 வருஷத்தில் புல்வெளியில் 66 சதவிகிதம் போய்விட்டது. சோலையில் 31 சதவிகிதம் போய்விட்டது. அந்த இடங்களில் பெரும்பாலும் தோப்பும் விவசாயமும்.

பறவைக்கு என்ன ஆயிற்று? 2015-ல் ராபின் குழுவின் இன்னொரு ஆய்வு, ஆனைமலை - பழனி பகுதியில், நாம் மேலே பார்த்த இதே இரண்டு பேரைப் பற்றி. துண்டு துண்டான சோலைகளில் இருக்கும் பறவைகளுக்கு நடுவே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது குறைந்திருக்கிறது என்று ரத்தம் காட்டிக்கொடுத்தது. ஊரோடு அனுசரித்துப் போகிற சிரிப்பானுக்குப் பாதிப்பு குறைவு. சோலையை விட்டு வெளியே வராத சோலைக்கிளிக்கு அதிகம். மறு வருஷம் அதன் பாட்டைப் பதிவு செய்து பார்த்தார்கள். கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாட்டு வேறு. அது எதிர்பார்த்ததே. சமீபத்தில் காடழிந்து பிரிந்த சோலைகளுக்கு நடுவிலும் பாட்டு விலக ஆரம்பித்திருந்தது.

இயற்கை லட்சக்கணக்கான வருஷத்தில் செய்த தீவுக்குள்ளே, நாம் நூறு சொச்சம் வருஷத்தில் குட்டித் தீவுகள் செய்துவிட்டோம். குஞ்சு கேட்டு வளர்கிற பாட்டே அடுத்த சோலைக்காரனுக்கு அந்நியமாகிக்கொண்டிருக்கிறது.

*

'குருவி பாட்டு மாறினா நமக்கென்ன?' என்று கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார். அவருக்கும் கணக்கு இருக்கிறது.

புல்லும் சோலையும் சேர்ந்த அந்த மேல்தட்டு, மழையை வாங்கி வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற ஈரப் பஞ்சு. போடியை ஒட்டி ஓடும் கொட்டகுடி ஆறு குரங்கணி மலையில் பிறந்து, தேனிப் பக்கம் போய் வைகையில் சேர்கிறது. சோலைக்கிளி குடியிருக்கும் வீட்டின் கொல்லைப்புறத்தில்தான் போடிக்காரர் குடிக்கும் தண்ணீருக்கு ஊற்று.

மழையும் வெயிலும் முறை தவறினால் என்ன ஆகும் என்று போடி ஏல மையத்துக்காரர்களுக்குத் தெரியும். 2018-ல் பெருவெள்ளம், 2019-ல் வறட்சி. விளைச்சல் விழுந்து, 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. கேட்கக் குஷியாக இருக்கும். விற்கக் காய் இருந்தவனுக்குத்தானே குஷி?

அதே 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய தீயை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சரிவுகள் பற்றித் தமிழ்நாடு பேசியது அந்த ஒரு வாரம்தான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் அதிகம் இல்லை.

சூடு ஏற ஏறக் குளிர் தேடும் உயிர் மேலே போகும். ஏலமும் போகும், சோலையும் போகும், சோலைக்கிளியும் போகும். மீசைப்புலிமலை 2,640 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மாடி இல்லை.

அப்படியானால் வாட்டிலையும் யூகலிப்டஸையும் நாளைக்கே மொட்டையடித்துவிடலாமா? அதுவும் சுலபமில்லை. வயதான வாட்டில் தோப்பின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தானாக முளைத்திருக்கின்றன. வெட்டினால் அவையும் போகும். வெட்டிய இடத்தில் மறுபடி வாட்டிலே முந்திக்கொண்டு வரும். எங்கே புல் மிச்சமிருக்கிறதோ அங்கே வாட்டில் நுழையாமல் காப்பது, எங்கே கன்று முளைத்திருக்கிறதோ அங்கே பொறுமையாக விட்டு வைப்பது, ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவே பறவை தாண்டும் அளவுக்குப் பசுமை விடுவது - வேலை இப்படி இடத்துக்கு இடம் மாறும். ஆனைமலை, மேகமலை, கோடைக்கானல் பக்கங்களில் சரணாலயமும் புலிகள் காப்பகமும் அறிவித்திருக்கிறார்கள். கோடு போட்டாயிற்று. கோட்டுக்குள் எதை வளர்ப்பது என்பதுதான் மிச்சக் கேள்வி.

செல்கிர்க்கை அவன் தீவிலிருந்து 1709-ல் ஒரு கப்பல் வந்து கூட்டிக்கொண்டு போனது. நாலு வருஷத்துக்கு மேல் காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. சோலைக்கிளியைக் கூட்டிப்போக எந்தக் கப்பலும் வராது. வந்தாலும் கொண்டுபோய் இறக்கிவிட இன்னொரு பழனிமலை கிடையாது. அடுத்த முறை போடிமெட்டு ஏறும்போது, டீ குடிக்க வண்டியை நிறுத்துவீர்கள் இல்லையா, அப்போது கொஞ்சம் மேலே பாருங்கள். மேகம் விலகினால் தெரியும். மடிப்புக்குள் கறுப்பாக நிற்கும் அந்தச் சின்னக் காடு, உலகத்தில் வேறெங்கும் விலாசம் இல்லாத ஒருத்தரின் சொந்த வீடு.